வேகத்தடையும் பிரிவு 198-ஏயும்: தாமிரபரணிக் கரையில் ஒரு விபத்து வழக்கின் ஆய்வு

சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், தாமிரபரணியின் கால்வாய் ஒன்றை ஒட்டிச் செல்லும் மாவட்ட முக்கியச் சாலையில் 2023 பிப்ரவரியில் நடந்த ஒரு விபத்தைப் பற்றிய குறிப்பு இது. இறந்துபோன பெண்ணின் மகள்களுக்காக இழப்பீட்டு மனுவை நடத்திய வழக்கறிஞர் என்ற முறையில், மனுவோடு தொடர்புடைய எல்லாக் காகிதங்களும் என் கையில் இருந்தன. குடும்பத்தாரின் விருப்பப்படி ஆட்களின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதவில்லை. இடத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடிய இரண்டொரு அடையாளங்களை மாற்றியும் இருக்கிறேன். சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளும் உள்ளபடியே இருக்கின்றன.

2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் அபராதத் தொகையைத்தான் பேசுகிறார்கள். அந்தச் சட்டம் வண்டி ஓட்டுகிறவருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. சாலை போடுகிறவருக்கும் (தலைப்பில் உள்ள பிரிவு 198-ஏ அதுதான்), காவல் நிலையத்துக்கும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் அதில் கடமைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றில் எவை எங்கள் பகுதியில் ஒரு சாதாரணக் குடும்பத்தின் வாசல்வரை வந்து சேர்ந்தன, எவை புத்தகத்திலேயே தங்கிவிட்டன என்பதை இந்த ஒரு வழக்கு எனக்குக் காட்டியது.

நிகழ்வு

பிசான நெல் அறுவடை தொடங்கியிருந்த நாட்கள். கணவர் கட்டட வேலைக்குப் போகிறவர். மனைவி வீட்டில் பீடி சுற்றுகிறவர். காலை எட்டு மணியளவில், சுற்றிய பீடிக் கட்டுகளைக் கடையில் கொடுத்து இலையும் தூளும் வாங்கி வருவதற்காக இருவரும் எக்ஸ்எல் வண்டியில் புறப்பட்டிருக்கிறார்கள். கணவர் தலைக்கவசம் அணிந்திருந்தார். பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் பீடித் தட்டை வைத்திருந்த மனைவி அணிந்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தைத் தாண்டி, சாலையின் இரு பக்கமும் மருத மரங்கள் நிற்கும் இடத்தில் வண்டி ஒரு வேகத்தடையில் ஏறித் தூக்கிப் போட்டது. மனைவி பின்பக்கமாக விழுந்து தலையில் அடிபட்டார். 108 ஆம்புலன்ஸ் வந்து, முதலில் பக்கத்து அரசு மருத்துவமனைக்கும் அங்கிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கும் கொண்டு சென்றார்கள். நான்காம் நாள் இறந்தார். விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. சிகிச்சையைப் பொறுத்தவரை இந்தக் குடும்பத்துக்குக் குறையொன்றும் இல்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

எதிரே வண்டி எதுவும் வரவில்லை. குறுக்கே ஆடு மாடு எதுவும் வரவில்லை. கணவர் மது அருந்தியிருக்கவில்லை, உரிமம் இருந்தது, காப்பீடு இருந்தது. இப்படியான விபத்தை எங்கள் பக்கத்துக் காவல் நிலையங்களில் 'தன் விபத்து' என்பார்கள். அந்த ஒரு சொல்தான் பிறகு நடந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது.

வேகத்தடை வந்த விதம்

சம்பவத்துக்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், அதே இடத்தில் பள்ளிக்கூடம் விட்டுச் சாலையைக் கடந்த சிறுவன் ஒருவன் மீது லாரி மோதியது. பையன் பிழைத்துக்கொண்டான், கால் போயிற்று. அன்று மாலை ஊரே திரண்டு மறியல் செய்தது. வட்டாட்சியரும் காவல் துறை அதிகாரிகளும் வந்து பேச்சுவார்த்தை நடத்தி, வேகத்தடை போட்டுத் தருவதாகச் சொன்ன பிறகுதான் கூட்டம் கலைந்தது. மூன்றாம் நாள், பக்கத்தில் வேறொரு சாலை வேலைக்கு வந்திருந்த தார்க் கலவையில் மிச்சத்தைக் கொட்டி உருளையால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விட்டார்கள். யார் சொல்லிப் போட்டார்கள், எந்தக் கணக்கில் போட்டார்கள் என்பதற்கு எழுத்தில் எதுவும் இல்லை. திட்டம் எல்லாம் மறியல் நடந்த இடத்தில் வாய்மொழியாகவே முடிந்துவிட்டது. நம் மாவட்டங்களில் பாதி வேகத்தடைகளுக்குப் பிறப்புக் கதை இதுதான் என்று சொன்னால் அது மிகையாக இருக்காது என்று நினைக்கிறேன். ஊர்க்காரர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். லாரியை நிறுத்த அவர்களிடம் இருந்த ஒரே கருவி மறியல்தான்.

2023 ஜூலையில் வழக்கு என்னிடம் வந்ததும் ஒரு கொத்தனாரை அழைத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். சாலையின் இரு ஓரத்திலும் ஆணி அடித்து, மட்டம் பார்த்து நூல் பிடித்து, டேப்பை வைத்து அளந்தோம். உச்சியில் உயரம் 19 சென்டிமீட்டர். வண்டி ஏறி இறங்கும் திசையில் அகலம் 1.4 மீட்டர். இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐஆர்சி 99 என்ற வழிகாட்டுதல், வட்ட வளைவுள்ள வேகத்தடைக்கு 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் சொல்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி குலுங்காமல் ஏறி இறங்குவதற்கான கணக்கு அது. முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், மேலே கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. இங்கே இரண்டும் இல்லை. உயரம் ஏறத்தாழ இரு மடங்கு, அகலம் பாதிக்கும் குறைவு என்றால் அது வேகத்தைத் தடுக்கும் மேடாக இல்லாமல் குறுக்கே கட்டிய திண்டாகிவிடுகிறது.

கொத்தனார்தான் இன்னொன்றைக் கவனித்தார். காலை வெயில் மருத மரங்களின் வழியாக விழும்போது சாலை முழுவதும் வெள்ளையும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக நிழல் ஆடுகிறது. தார் நிறத்திலேயே இருக்கும் திண்டு அந்த நிழலில் கலந்து, பத்தடி தூரத்துக்கு வரும்வரை கண்ணுக்குத் தெரிவதில்லை. காலை எட்டு மணிக்கு எடுத்த அந்தப் படங்களைத்தான் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் சான்றாவணமாகக் குறியீடு செய்தேன்.

முதல் தகவல் அறிக்கை

விபத்தன்று காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது, கணவர் மீது. இந்தியத் தண்டனைச் சட்டம் 279, 337 என்று தொடங்கி, மனைவி இறந்ததும் 304-ஏயாக மாற்றப்பட்டது. அலட்சியமாக ஓட்டி மரணம் விளைவித்தல். நடைமுறையைப் பார்த்தால் காவல் நிலையம் வழக்கத்துக்கு மாறாக எதுவும் செய்ததாகச் சொல்ல முடியாது: வண்டி ஓடியது, ஒருவர் இறந்தார், ஓட்டியவர் இவர். சம்பவ இடத்தைப் பார்த்துக் காவல் துறை எழுதும் பார்வை மகஜரில் 'தார்ச்சாலை, நேரான பாதை, பார்வைக்குத் தடையில்லை' என்று எழுதப்பட்டிருக்கிறது. மாதிரி வரைபடத்தில் சாலையின் குறுக்கே ஒற்றைக் கோடு ஒன்று இழுத்து, அருகில் 'வேகத்தடை' என்று எழுதியிருக்கிறார் தலைமைக் காவலர். உயரம் இல்லை, அகலம் இல்லை, பலகை இருந்ததா என்ற குறிப்பு இல்லை. ஆனாலும் அந்த ஒற்றைக் கோட்டுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அது இல்லாவிட்டால் அங்கே வேகத்தடை இருந்தது என்பதற்கு அரசுக் காகிதத்தில் எந்த அடையாளமும் இருந்திருக்காது.

என் அலுவலகத்துக்கு வந்த அன்று கணவர் முதல் தகவல் அறிக்கையின் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "எம் பொண்டாட்டிய நானே கொன்னுட்டேன்னுல்லா எழுதிருக்காவ, வக்கீலய்யா. குத்தத்த ஒத்துக்கிட்டு அவராதத்தக் கெட்டிட்டா முடிஞ்சிரும்ங்காவ. கெட்டிரட்டுமா?" என்று கேட்டார். "கையெழுத்து எதுவும் போட்றாதீங்க அண்ணாச்சி" என்றேன். அப்படி ஒப்புக்கொண்டால், அந்த ஒப்புதலையே இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு எடுத்துவைத்து, விபத்துக்கு முழுக் காரணம் ஓட்டியவர்தான் என்று வாதிடும். தன் விபத்து வழக்குகளில் குடும்பங்கள் முதலில் விழுகிற குழி இதுதான்: வேலைக்குப் போக வேண்டும், நீதிமன்றத்துக்கு நடக்க முடியாது, சில ஆயிரத்தோடு போகட்டும் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். (2024 ஜூலை 1 முதல் 304-ஏ இருந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106 இருக்கிறது, உச்சத் தண்டனை இரண்டு ஆண்டிலிருந்து ஐந்தாண்டாகிவிட்டது. இதே விபத்து இன்று நடந்தால் இவர் தலைக்கு மேல் தொங்குவது அந்த ஐந்தாண்டு.)

பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சாமான் வாங்கப் போனபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். மைத்துனரைப் பின்னால் உட்கார வைத்துப் போனவரைக் கூட்டுரோட்டில் வாகனச் சோதனையில் நிறுத்தியிருக்கிறார்கள். மைத்துனருக்குத் தலைக்கவசம் இல்லை. கைக்கருவியில் வண்டி எண்ணைத் தட்டி, ரசீது வந்து, 1,000 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 129 பின்னிருப்பவருக்கும் பொருந்தும். 194-டி அபராதத்தை 1,000 ரூபாயாக்குகிறது. இதில் தவறு எதுவும் இல்லை. மனைவியின் தலையில் ஒரு கவசம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது. நெடுஞ்சாலைத் துறையின் வழக்கறிஞர் அதைத் தீர்ப்பாயத்தில் சொன்னபோது என்னால் மறுக்கவும் முடியவில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் நமக்கு. அபராதத்தைக் கூட்டியதைக் குறை சொல்லும் நிலையில் நாம் இல்லை.

நான் கவனிக்கச் சொல்வது வேறு. நாடாளுமன்றம் 2019இல் இயற்றிய தொகைகளைத் தமிழ்நாடு உடனே ஏற்கவில்லை. சாலையிலேயே கட்டித் தீர்த்துக்கொள்ளும் இணக்கக் கட்டணத்தைப் பிரிவு 200இன்படி மாநில அரசுதான் அறிவிக்கை வழியாக நிர்ணயிக்க வேண்டும். தலைக்கவசத்துக்கு இங்கே 100 ரூபாய்தான் இருந்தது. 2022 அக்டோபரில் அரசாணை வந்தது. அந்த மாதமே சாலைச் சோதனையில் 1,000 ரூபாய் ஆயிற்று. ஒரு சட்டத் திருத்தம் அறிவிக்கையாகி, கருவியில் ஏறி, கூட்டுரோட்டில் நிற்கும் காவலரின் கைக்கு வந்து சேரும் வேகத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அதே திருத்தச் சட்டத்தின் மற்ற பிரிவுகள் இந்த வேகத்தில் வந்தனவா என்பதுதான் கேள்வி.

ஆறு மாதம்

குடும்பம் என்னிடம் வந்தபோது இழப்பீட்டு மனுவுக்கான கெடுவில் பதினொரு நாள் பாக்கி இருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருந்தது. 1994 திருத்தம் அதை நீக்கியது. ஏறக்குறைய கால் நூற்றாண்டு, விபத்து நடந்து எத்தனை ஆண்டானாலும் மனுப் போடலாம் என்ற நிலை இருந்தது. 2019 திருத்தம் பிரிவு 166இன் மூன்றாம் உட்பிரிவாக அந்த ஆறு மாதத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்தக் கெடுவின் செல்லுபடித்தன்மை பின்னர் உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. கருமாதி, கடன், குற்றவாளி என்ற பட்டம் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்த ஒரு வீட்டுக்கு, ஆறு மாதம் என்பது நிமிர்ந்து பார்ப்பதற்குள் போய்விடுகிற காலம்.

கெடுவைக் கொண்டுவந்த அதே சட்டம் அதற்கு ஒரு மாற்றும் செய்திருக்கிறது. காவல் நிலையமே விபத்துத் தகவல் அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும், தீர்ப்பாயம் அதையே மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் பிரிவு 159, 166 இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கிறது. 2022 பிப்ரவரியில் வந்த மத்திய விதிகள் நாள் கணக்கும் வைத்திருக்கின்றன: முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்தில், இடைக்கால அறிக்கை 50 நாளில், விரிவான அறிக்கை 90 நாளில். உச்ச நீதிமன்றமும் கோகர் முகமது வழக்கில் 2022 டிசம்பரில் இவற்றை நிறைவேற்றச் சொல்லி உத்தரவிட்டது. நான் நிலையத்தில் போய் விரிவான அறிக்கையைப் பற்றிக் கேட்டபோது, எழுத்தர் மரியாதையாகவே பதில் சொன்னார்: "இது தன் விபத்துல்லா சார், எதிர் வண்டி இல்லையே. யாருகிட்ட கேக்கதுக்கு அனுப்பணும்?" விதியில் அப்படி ஒரு விலக்கு இல்லை. ஆனால் அவருக்குத் தரப்பட்ட படிவத்தில் எதிர் வண்டிக்கான கட்டங்களே முதலில் நிற்கின்றன. சாலைக்கான கட்டம் பின்னால் எங்கோ இருக்கிறது. படிவத்தைப் பார்த்து வேலை செய்கிறவரிடம் விதியைக் காட்டி வாதிட்டுப் பயனில்லை.

பத்தாம் நாள் மனுத் தாக்கல் செய்தோம். மனுதாரர்கள் இரண்டு மகள்களும் இறந்தவரின் தாயாரும். இளையவள் மைனர் என்பதால் பாட்டி காப்பாளர். எதிர்மனுதாரர்கள் மூவர்: வண்டியின் உரிமையாளரும் ஓட்டியவருமான தந்தை, காப்பீட்டு நிறுவனம், நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர்.

பின்னிருக்கை

வண்டி 2019இல் வாங்கியது. புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதன் பயனாக, 2023 பிப்ரவரியில் பாலிசி உயிரோடு இருந்தது. இதைப் பார்த்ததும் குடும்பத்துக்கு இருந்த நிம்மதியை நான்தான் கலைக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் தரப்புப் பாலிசி மட்டும் எடுத்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும் பயணிக்கு அந்தப் பாலிசி பொருந்தாது என்று திலக் சிங் வழக்கில் 2006இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டிக்கும் சேர்த்து எடுக்கும் முழுப் பாலிசியில் பின்னிருக்கை அடங்கும். எக்ஸ்எல் வண்டிக்கு முதலாண்டோடு அதை யாரும் புதுப்பிப்பதில்லை. 15 லட்சம் ரூபாய்க்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு இருந்தது. அது ஓட்டும் உரிமையாளருக்கு. கணவர் இறந்திருந்தால் மனைவிக்குக் கிடைத்திருக்கும். மனைவி இறந்ததால் யாருக்கும் எதுவும் இல்லை.

தவறு யாருடையது என்று பார்க்காமல் மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய் தரச் சொல்லும் புதிய பிரிவு 164ஐயும் மாற்று வேண்டுகோளாக வைத்தோம். அதிலும் பொறுப்பு உரிமையாளர் அல்லது அவருடைய காப்பீட்டாளர் என்றுதான் இருக்கிறது. பாலிசியே பின்னிருக்கைக்கு இல்லை என்ற பழைய பதிலே வந்தது. அந்தப் பிரிவில் தொகையைப் பெற்றுக்கொண்டால் 166இன் கீழ்ப் போட்ட மனு அற்றுப்போகும் என்பதையும் நினைவில் வைத்துத்தான் அதைக் கேட்க வேண்டியிருந்தது. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் இருசக்கர வண்டிகளில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் மனைவி, தாய், பள்ளிப் பிள்ளை. தலைக்கவசம் போடச் சொல்லும்போது சட்டம் அவரைக் கணக்கில் எடுக்கிறது, காப்பீட்டின்போது எடுப்பதில்லை. இந்தத் திருத்தத்தில் உடனே சரிசெய்திருக்க வேண்டிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து.

யாருடைய சாலை, யாருடைய திண்டு

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நெடுஞ்சாலைத் துறைக்கும் ஊராட்சிக்கும் மனுப் போட்டேன். துறையின் பதில்: சாலை இத்துறையின் பராமரிப்பில் உள்ளது, மேற்படி வேகத்தடை இத்துறையால் அமைக்கப்பட்டதற்கான ஆவணம் ஏதும் இல்லை. ஊராட்சியின் பதில்: மேற்படி சாலை ஊராட்சிக்குச் சொந்தமானதல்ல. இரண்டும் உண்மை. திண்டு மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் சாலையின் நடுவே கிடந்தது.

இந்த நிலைக்காகவே எழுதப்பட்டது போன்றது 2019 திருத்தம் சேர்த்த பிரிவு 198-ஏ. சாலையை வடிவமைக்க, கட்ட, பராமரிக்கப் பொறுப்புள்ள அதிகாரி, ஒப்பந்தக்காரர், ஆலோசகர் எவராயினும் உரிய தரநிலையைப் பின்பற்றத் தவறி, அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அபாயம் இருந்தது அவருக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா, எச்சரிக்கைப் பலகை வைக்கப்பட்டிருந்ததா என்பவற்றை நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. ஓராண்டுக்கு முன் மறியலில் நின்று பேசிய அதிகாரிகளின் துறைக்கு அந்தத் திண்டைத் தெரியாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஆனால் பிரிவைக் கையில் எடுத்து நடக்கத் தொடங்கும்போதுதான் அதன் மூட்டுகள் கழன்று வருகின்றன. முதலாவது, தரநிலையை மத்திய அரசு வகுக்க வேண்டும் என்கிறது பிரிவு. மோட்டார் வாகனம் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. சாலையோ மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையான கங்கைகொண்டான்–நாங்குநேரிப் பாதைக்குத் தில்லியில் வகுத்த தரம் இயல்பாகவே பொருந்தும். கால்வாய்க் கரையில் ஓடும் மாவட்டச் சாலைக்கு எந்தத் தரம் 'வகுக்கப்பட்டது' என்று ஒவ்வொரு முறையும் வாதிட வேண்டியிருக்கிறது. இரண்டாவது, அபராதம் விபத்து நிதிக்குப் போகும். இறந்தவர் வீட்டுக்கு அல்ல. ஆகவே குடும்பத்துக்கு அந்தப் புகாரை நடத்தப் பொருளாதாரக் காரணம் எதுவும் இல்லை. மூன்றாவது, பிரிவு 200இன் இணக்கப் பட்டியலில் 198 இருக்கிறது, 198-ஏ இல்லை. கைக்கருவியில் தட்டி ரசீது கொடுக்க முடியாது, நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அது சரியும்கூட. ஆனால் கொண்டுபோவது யார்? காவல் நிலையம் ஏற்கெனவே கணவரைக் குற்றவாளியாக்கி வழக்கை முடிக்கும் நிலையில் இருந்தது; அதே சம்பவத்துக்கு இன்னொரு அரசுத் துறையின் மீது புகார் கொடுக்க அதற்கு எந்தக் கட்டளையும் இல்லை.

நான்காவது மூட்டு என்னுடைய பிழையால் கழன்றது, மறைக்காமல் சொல்கிறேன். இழப்பீட்டு மனுவின் கெடுவையே பார்த்துக்கொண்டிருந்த நான், தகவல் உரிமைப் பதில்கள் முழுவதும் வந்து சேரட்டும் என்று காத்திருந்து, டிசம்பரில்தான் குற்றவியல் நடுவர் முன் 198-ஏ தனிப் புகாரைத் தயாரித்தேன். தாக்கல் செய்யும் நாளில்தான் உறைத்தது: அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு, அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 468இன்படி ஆறு மாதத்துக்குள் நீதிமன்றத்துக்கு வந்துவிட வேண்டும். அது ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடுதான் கொடுக்க முடிந்தது. ஒரு துறையின் தவறுக்கு ஆதாரம் அந்தத் துறையின் கோப்பில்தான் இருக்கும். அதைக் கேட்டுப் பெறவே நான்கைந்து மாதம் ஆகும். புகாரின் ஆயுளோ ஆறு மாதம். தண்டனையை வெறும் அபராதமாக வைத்ததால் இப்படி ஒரு விளைவு வரும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இதே வேலையைச் செய்யும் இளையவர்கள் என்னைப் போல டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம்.

தீர்ப்பாயத்தில்

நெடுஞ்சாலைத் துறை முதலில் எடுத்த ஆட்சேபம், மோட்டார் வாகனத் தீர்ப்பாயம் சாலைத் துறையை விசாரிக்க முடியாது என்பது. வாகனத்தைப் பயன்படுத்தியதால் நேர்ந்த விபத்தில் வாகனம் சாராத இன்னொருவரும் கூட்டுத் தவறாளியாக இருந்தால் அவரையும் சேர்த்து விசாரிக்கலாம் என்று, ரயில்வே கடவுகள் தொடர்பான வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 1997இலும் 2002இலும் சொன்னதை எடுத்துவைத்தோம். ஆட்சேபம் நிற்கவில்லை. கொத்தனார் சாட்சிக் கூண்டில் ஏறி, நூல் பிடித்த விதத்தைச் சொன்னார். குறுக்கு விசாரணையில் "உமக்குப் பொறியியல் தெரியுமா?" என்று கேட்டபோது, "மட்டம் பாக்கத் தெரியும் அய்யா" என்றார்.

துறையின் சார்பில் வந்த உதவிப் பொறியாளர் நேர்மையானவர். மறியலுக்குப் பின் வாய்மொழி உத்தரவின் பேரில் வேலை நடந்ததை அவர் ஒப்புக்கொண்டார். அந்த வாக்குமூலம்தான் வழக்கைத் திருப்பியது. கீழ்நிலை அதிகாரி ஒருவர் உண்மையைச் சொன்னதால் கிடைத்த நிவாரணத்தைச் சட்டத்தின் வெற்றி என்று நான் எழுதமாட்டேன்.

தீர்ப்பாயம் காப்பீட்டு நிறுவனத்தை விடுவித்தது. ஓட்டியவரின் கவனக்குறைவு பாதி, துறையின் கவனக்குறைவு பாதி என்று பிரித்தது. அதாவது, வழங்கப்பட்ட தொகையில் பாதியைத் தந்தை தன் மகள்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நீதிமன்றத் தீர்ப்பாணை இருக்கிறது. அதை நிறைவேற்றக் கோரி மகள்கள் மனுப் போடப் போவதில்லை. மற்றப் பாதியை எதிர்த்துத் துறை மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்திருக்கிறது. 304-ஏ வழக்கில் கணவர் விடுதலையானார். வேகத்தைப் பற்றிச் சொல்ல அரசுத் தரப்பில் நேரில் கண்ட சாட்சி எவரும் இருக்கவில்லை.

மாநிலம் செய்யக்கூடியவை

எல்லாவற்றையும் நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும் என்பதில்லை. தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகள் 1989 மாநிலத்தின் கையில் இருக்கின்றன. பிரிவு 138 விதி செய்யும் அதிகாரத்தை மாநிலத்துக்குத் தருகிறது. பிரிவு 215 மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு இடம் தருகிறது. செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் கேரளம் 2007இலேயே சாலைப் பாதுகாப்பு ஆணையத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றி வைத்திருக்கிறது. இங்கே போக்குவரத்து ஆணையரே சாலைப் பாதுகாப்பு ஆணையராகவும் இருக்கிறார்.

இந்த வழக்கு கேட்பது பெரிய சட்டம் எதையும் அல்ல. வேகத்தடை எதுவும் எழுத்து உத்தரவு இல்லாமல் போடப்படக் கூடாது. உத்தரவில் அளவும், பலகை வைக்கும் நாளும், பொறுப்பான பொறியாளரின் பதவியும் இருக்க வேண்டும். அதன் நகல் மாவட்டக் குழுவிடம் இருக்க வேண்டும். மறியல் நடந்த இடத்திலேயே உத்தரவை எழுத வேண்டியிருந்தால் எழுதட்டும்; ஒரு பக்கம் போதும். எதிர் வண்டி இல்லாத மரண விபத்து ஒவ்வொன்றிலும் மகஜர் எழுதும்போது, நெடுஞ்சாலைப் பொறியாளர் ஒருவரும் மோட்டார் வாகன ஆய்வாளரைப் போலவே இடத்துக்கு வந்து அளந்து அறிக்கை தர வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போட்டால், 198-ஏக்கு வேண்டிய ஆதாரம் முதல் வாரத்திலேயே கோப்பில் ஏறிவிடும். வண்டியின் பிரேக்கைச் சோதிக்க ஓர் ஆய்வாளர் வருகிறார், சாலையைச் சோதிக்க ஒருவரும் வருவதில்லை என்பது 1939ஆம் ஆண்டுச் சட்டக் காலத்துப் பழக்கம். இன்றும் அப்படியே இருக்கிறது.

198-ஏ புகாரை நடுவர் நீதிமன்ற அலுவலகம் இரண்டு முறை திருப்பியது. இரண்டாம் முறை எழுதப்பட்டிருந்த குறிப்பு: 'மத்திய அரசால் வகுக்கப்பட்ட தரநிலை எது எனக் குறிப்பிட்டு மறுதாக்கல் செய்யவும்.' ஐஆர்சி 99இன் நகலை இணைத்துக் கொடுத்திருக்கிறேன். தாமத மன்னிப்பு மனுவோடு அது இன்னும் எண்ணிடப்படாமல் இருக்கிறது.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். திண்டைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அகலமாக, தாழ்வாக, வெள்ளைப் பட்டையோடு ஒரு வேகத்தடை போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பலகை நிற்கிறது. நல்ல வேலை. வேலை உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 'பள்ளி அருகே புதிய வேகத்தடை அமைத்தல்' என்று இருந்தது. பழையது ஒன்று அங்கே இருந்ததற்கும் அகற்றப்பட்டதற்கும் அதில் ஒரு வரிகூட இல்லை.